காடி வாசத்தில் ஒரு யுத்தம்

பீடோரில் என் மச்சான் வீட்டு முன்னறையில் நுழைந்தால் ஊறுகாய் வாடை அடிக்கும். ஊறுகாய் இல்லை. பழைய அசிட்டேட் படச்சுருள் நம்மூர்ப் புழுக்கத்தில் கெட்டால் காடி நாற்றம்தான் வரும். அவருக்கு அது சாம்பிராணி.

சேர்ப்பது போர்ப்படங்கள். அதிலும் ஒரு நியதி: யாரும் பார்த்திருக்கக் கூடாது. 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்றால் முகம் சுளிப்பார். ஏழு ஆஸ்கார் வாங்கியதெல்லாம் ஒரு படமா? 1952-இன் ‘தி பிளான்டர்ஸ் வைஃப்’ என்றால் குரலே குழையும். அவசரகால மலாயாவில், ரப்பர் தோட்டத்துத் துரை ஜாக் ஹாக்கின்ஸும் துரைசானி கிளாடெட் கோல்பெர்ட்டும் துப்பாக்கியோடு பங்களாவைக் காக்கும் கதை. அமெரிக்காவில் அதற்கே ‘அவுட்போஸ்ட் இன் மலாயா’ என்று பேர். ஒரே படம், இரண்டு பேர். ஆகவே இரண்டு சுவரொட்டி, இரண்டு செலவு. அக்கா கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன தீபாவளிக்குப் பெரியம்மா வந்திருந்தார். லயத்தில் பிறந்தவர். அவர் அப்பாவை, பல்லாயிரம் தோட்டத் தமிழரோடு சேர்த்து, ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துப் போனான்; திரும்பவில்லை. மச்சான் பெரிய மனசு பண்ணி, அதே ரயிலின் கதையான குவாய் படத்தையே போட்டார். படத்துக்குப் பாலம் கட்டியது சயாமில் இல்லை, இலங்கையின் கித்துல்கலவில் என்று விளக்கம் வேறு. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“வெள்ளக்காரன் இருக்கான், ஜப்பான்காரன் இருக்கான். நம்மாளுங்க எப்ப வருவாங்க மாப்ள?”

மச்சான் ரிமோட்டைத் தேடினார்.

“அது இதவிட அரிய படம் அத்தை. யாருகிட்டயும் இல்ல.”