நேரே வீட்டுக்குப் போகாதவர்கள்

கோயிலுக்குப் போனால் நேரே வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்பது நம் பாட்டிமார் இயற்றி, எந்தச் சட்டமன்றத்திலும் வைக்காமலே அமலுக்கு வந்த சட்டம். வழியில் வேறெங்காவது நுழைந்தால் வாங்கிய புண்ணியம் அங்கேயே இறங்கிக்கொள்ளுமாம். புண்ணியம் என்பது ஊர் வருவதற்குள் பஸ்ஸில் தூங்கிவிடும், அசந்தால் தவறான ஸ்டாப்பில் இறங்கிவிடும் ஒரு பயணி என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. திருத்தணியில் இந்தச் சட்டம் நாள்தோறும் பட்டப்பகலில் மீறப்படுகிறது. மலையிலிருந்து இறங்கும் குடும்பங்கள், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்கு முன்பே, கடைத்தெருவில் ஒரு ஐஸ்கிரீம் கடையையோ பீட்சா கடையையோ கண்டுபிடித்து உள்ளே நுழைந்துவிடுகின்றன. ‘சும்மா வந்தோம்’ என்கிற முகத்தோடு பெரியவர்கள் உட்காருகிறார்கள். முகமே இல்லாமல், கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு குழந்தைகள் நிற்கிறார்கள். இதைப் பார்த்து, பக்தி குறைந்து நாக்கு நீண்டுவிட்டது என்று வருந்துவோர் உண்டு. நான் கட்சி மாறிப் பேசப்போகிறேன். அந்த ஊர்த் தலபுராணத்தை வரிக்கு வரி கடைப்பிடிப்பவர்கள் இவர்கள்தான் என்பது என் வாதம்.

முதல் சாட்சி ஊரின் பெயரே. முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை. அறுபடை வீடுகளில் ஐந்தாவது. அவருக்கு அப்போது முடிந்திருந்தவை இரண்டு சண்டைகள். ஒன்று சூரபத்மனோடு, மற்றொன்று வள்ளிக்காக வேடர் குலத்தாரோடு. இன்றைய கணக்கில் சொன்னால், ஒன்று ஆபீஸ் சண்டை, இன்னொன்று மாமனார் வீட்டுச் சண்டை. இரண்டும் ஒருவருக்கே வாய்த்தால் இரத்த அழுத்தம் என்ன ஆகும் என்பதைக் குடும்பஸ்தர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நிலையில் அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழியில் ஒரு மலையில் தங்கினார், தணிந்தார். சண்டைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும் என்பதைக் கடவுளே ஒப்புக்கொண்ட ஊர் இது. அதனால்தான் மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் அமளிப்படும்போது, இங்கே சம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். தணிந்தவரிடம் போய்ப் பழைய சண்டையை ஞாபகப்படுத்தக் கூடாது என்கிற இங்கிதம், ஆகமத்துக்கே தெரிந்திருக்கிறது. இன்னொரு சாட்சி சந்தனம். இங்கே சுவாமிக்குச் சாத்திய சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் நீரில் கரைத்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. குளிர்ச்சியானதை வெளியே பூசினால் போதாது, உள்ளே செலுத்த வேண்டும் என்ற கொள்கை மலைமேலேயே நிறுவப்பட்டாகிவிட்டது. அடிவாரத்தில் அதை ஸ்பூனால் செலுத்துகிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

தணிய வேண்டிய அளவுக்குப் பக்தர்களுக்கு அங்கே என்ன கோபம் என்று கேட்கலாம். முதல் காரணம் வெயில். பெயரில் தணிகையை வைத்துக்கொண்டு, கோடையில் வானிலை அறிக்கையில் வேலூரோடு போட்டி போடும் ஊர் இது. முருகன் விட்ட கோபத்தைச் சூரியன் எடுத்து வைத்துக்கொண்டாரோ என்று தோன்றும். அடுத்து, படிகள். ஆண்டின் நாள்களுக்குக் கணக்காக 365. ஒரு வருஷத்தை ஒரே மூச்சில் ஏறி இறங்கினால், அந்த வருஷத்தில் பேசாமல் விட்டவை எல்லாம் வாயில் வருவது இயல்புதான். மலைமேல் வண்டி போக நல்ல சாலை இருக்கும்போது ‘படியேறினால்தான் பலன்’ என்று சொன்னது யார் என்ற விசாரணை இருநூறாவது படியில் தொடங்கும். செருப்பை யார் எங்கே விட்டார்கள், அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போன சித்தப்பா ஏன் திரும்பவில்லை, ஆடிக் கிருத்திகைக்கு வர வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டவர் யார் என்று கிளைகள் விரியும். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் இந்த ஊர் இருப்பதால், ஒரே நாளில் ஏழுமலையானையும் முருகனையும் முடித்துவிடும் குடும்பங்கள் ஏராளம். மாமாவையும் மருமகனையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் எந்தக் குடும்பம் சிரித்த முகத்தோடு திரும்பியிருக்கிறது?

இந்தக் குடும்பத்தை அப்படியே காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பது வெளிப்படை. ஐஸ்கிரீம் கடையில் உட்கார வைத்தால் நடப்பது வேறு. ஐஸ்கிரீமுக்கு வேறெந்தத் தின்பண்டத்துக்கும் இல்லாத ஓர் ஒழுக்கம் உண்டு, அது உருகும். தோசையை ஆறவிட்டுச் சண்டையைத் தொடரலாம். காபி ஆறினால் இன்னொரு காபி கேட்டு, அதன் பேரில் புதிதாக ஒரு சண்டையும் தொடங்கலாம். கோன் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் மூன்றாவது குற்றத்தைப் பட்டியலிடப் போனால், முழங்கை வரை ஸ்ட்ராபெரி வழியும். நீதிபதி வாய்தா கொடுப்பார், வெனிலா கொடுக்காது. ஆகவே எல்லோரும் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு நக்கத் தொடங்குகிறார்கள். நக்கிக்கொண்டே கோபப்பட மனித முகத்தில் வசதி இல்லை.

இது சாப்பாடு இல்லையே, இதற்குப் போய் இத்தனை விளக்கமா என்றால், சாப்பாடு இல்லை என்பதுதான் இதன் பெருமை. நான் மட்டும் சொல்லவில்லை. மத்திய அரசே சொல்லியிருக்கிறது. 2021 அக்டோபரில் வந்த ஜி.எஸ்.டி. விளக்கத்தின்படி, ஐஸ்கிரீம் பார்லர் ஏற்கெனவே தயாரானதை எடுத்து விற்கிறது, எந்தக் கட்டத்திலும் சமைப்பதில்லை, ஆகவே அதற்கு உணவகத்தின் தன்மை கிடையாது. வரி வசூலுக்காகச் சொன்னதுதான் என்றாலும், தத்துவமாக எனக்கு இது போதும். வயிற்றுக்காகப் போகிற இடம் அது அல்ல. உணவுப் பாதுகாப்பு விதிகளையும் பார்க்கலாம். ஐஸ்கிரீம் என்று பெயர் வைத்துக்கொள்ள 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும், லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் எடை வேண்டும். அதாவது ஒரு லிட்டர் ஐஸ்கிரீமில் கிட்டத்தட்ட பாதி காற்றாக இருக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதி காற்றை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, உட்கார்ந்து, ரசித்துத் தின்கிறார் என்றால், அவர் வந்த காரியம் வேறு. தமிழில் அந்தக் காரியத்துக்குச் ‘சும்மா’ என்று பெயர். நம் வாழ்வில் சும்மா போகிற இடங்கள் எத்தனை? பாங்க், ஆஸ்பத்திரி, கல்யாணம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். கோயிலுக்குக்கூட வேண்டுதல் என்ற மனுவோடுதான் போகிறோம். அருணகிரிநாதருக்கு முருகன் செய்த உபதேசமே சும்மா இருக்கச் சொன்னதுதான் என்பார்கள். மலைமேல் நம்மால் கடைப்பிடிக்க முடியாத அந்த உபதேசம், அடிவாரத்தில் இருபது நிமிஷம் கைகூடுகிறது.

பீட்சாவின் சேவை வேறு வகை. அது தணிப்பதில்லை, சமரசம் செய்கிறது. தனித்தனி இலையில், தனித்தனி எல்லைக்குள் சாப்பிட்டுப் பழகிய நமக்கு ஒரு வட்டத்தை நடுவில் வைத்து ஐந்து பேர் பங்கிடுவது என்பது மொழிவாரி மாநிலம் பிரித்ததற்கு நிகரான வேலை. அதற்கும் இந்த ஊருக்கு முன்அனுபவம் உண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இன்னும் பலரும் போராடிய பிறகு, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் திரும்ப வந்தது. கிராமத்தை அலகாகக் கொள்வது, தொடர்ச்சியான நிலப்பகுதியாக இருப்பது, பெரும்பான்மை பேசும் மொழியைப் பார்ப்பது என்பவை படாஸ்கர் கொள்கைகள். பாதி பன்னீர், பாதி காளான் என்று ஆர்டர் கொடுக்கும் எந்தக் குடும்பமும் இதையேதான் செய்கிறது. ஒரு துண்டை அலகாகக் கொள்கிறார்கள். காளான் பகுதிக்குள் ஒரு பன்னீர்த் தீவு இருக்கக் கூடாது என்கிறார்கள். பெரும்பான்மை யாரோ அவர்களுக்கு ஆலிவ்காய் அதிகம். படாஸ்கருக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது, இங்கே வேகும் நேரத்தில் முடிகிறது. அந்த இருபது நிமிஷக் காத்திருப்பில் பேச்சுவார்த்தைக்கு வேறு வழியும் இல்லை. எல்லைப்புற ஊர் என்பதால் பக்கத்து மேசையில் தெலுங்கில் இதே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும் என்பது கூடுதல் ஆறுதல்.

இனி ஆட்சேபங்கள். கோயில் ஊரில் இத்தாலிக்காரன் ரொட்டி எதற்கு என்பது முதலாவது. இதற்குப் பதில் மலைப்படியிலேயே எழுதியிருக்கிறது. டிசம்பர் 31ஆம் தேதி இரவு அந்த 365 படிகளுக்கும் பூஜை செய்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறிப்போய் ஜனவரி முதல் நாளில் முருகனைப் பார்க்கிறார்கள். புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகளுக்கு வணக்கம் சொல்ல ஓடியவர்களை, துரைக்கெல்லாம் துரையிடம் போகலாம் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்பிவிட்டதிலிருந்து வந்த வழக்கம் இது. வெள்ளைக்காரன் காலண்டரையே கழற்றித் திருப்புகழ் பாட வைத்த ஊருக்குப் பீட்சா எம்மாத்திரம்? மேலும், நேப்பிள்ஸ் முறைப்படி பீட்சா சுமார் 485 டிகிரி விறகடுப்பில் ஒன்றரை நிமிஷத்துக்குள் வேக வேண்டும். அங்கே பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் கடைத்தெருவில் பாக்கெட்டில் வரும் பேஸ் மேல் சாஸ் தடவி, மக்காச்சோளம், குடைமிளகாய், பன்னீர் தூவி, மேலே மயோனைஸால் கோலம் போட்டுத் தருகிறார்கள். இதை நேப்பிள்ஸ்காரர் பார்த்தால் தன் ஊர்ப் பண்டம் என்று உரிமை கோர மாட்டார். கோரினால் நாமே கொடுத்துவிடலாம். ஐஸ் சமாச்சாரமும் அப்படித்தான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னையில் கட்டிய ஐஸ் ஹவுஸில்தான், 1897இல் விவேகானந்தர் தங்கினார். அவர் ஐஸ்கிரீம் பிரியர். அந்தக் கட்டடம் இன்று அவர் பெயரில் விவேகானந்தர் இல்லம். குளிர்ச்சிக்கும் ஆன்மிகத்துக்கும் பகை இருந்திருந்தால் சென்னைக் கடற்கரையில் எப்போதோ தெரிந்திருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் ஆரோக்கியம். இதில் நான் பாதி தோற்றுத்தான் ஆக வேண்டும். சர்க்கரை சர்க்கரைதான், சீஸ் சீஸ்தான். ஐஸ்கிரீம் உடம்புச் சூட்டைத் தணிப்பதாகச் சொல்வதும் ருசுவாகாது. வாயில் குளிர்ந்தாலும் வயிற்றில் அது கலோரிதான். ஆனால் நான் உடம்புச் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. தொண்டை கட்டினால் இரண்டு நாள் பேச முடியாது என்பதைப் பெரும் அபாயமாகச் சொல்கிறார்கள். மேலே நான் விவரித்த குடும்பத்துக்கு அது சிகிச்சையாகவும் அமையக்கூடும். மூன்றாவது ஆட்சேபம் சிக்கனக்காரர்களுடையது: ஒரு ஃபேமிலி பேக் வாங்கி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பாதி விலை. கணக்கு சரி, இடம் தப்பு. வீடுதானே போர்க்களம்! போர்க்களத்திலேயே தணிவது சாத்தியம் என்றால் முருகன் ஏன் மலைதேடி வந்தார்? தவிர, விரல் கனத்துக்குப் பனி மூடிய ஃபேமிலி பேக்கை யார் கடைசியாகத் திறந்து வைத்தார்கள் என்பது ஒரு தனி யுத்தம்.

பெரிய நகரத்துப் பளபள மாலில் போய்த் தணியலாமே, இந்தச் சின்னக் கடை எதற்கு என்பவர்களுக்கு ஒரு தொழில் வரலாறு. 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு ஐஸ் தயாரிக்கத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகனின் அருண் ஐஸ்கிரீம், நகரத்தில் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவதைவிடச் சிறிய ஊர்களுக்குப் போவது மேல் என்று கண்டுகொண்டுதான் வளர்ந்தது. சின்ன ஊருக்குத்தான் ஐஸ்கிரீம் கடை அதிகம் தேவை என்பதை அந்த வியாபாரம் நிரூபித்தது. நகரத்தில் பார்க் உண்டு, பீச் உண்டு, மால் உண்டு. சின்ன ஊரில் காரணம் கேட்காமல் குடும்பத்தோடு உட்கார விடும் நாற்காலிகள் அந்தக் கடையில் மட்டுமே இருக்கும். ஒரு கப் வாங்கி மூன்று ஸ்பூன் கேட்டாலும் அங்கே முகம் சுளிக்க மாட்டார்கள். பாட்டிக்கு மட்டும் ‘குளிர் இல்லாத ஐஸ்கிரீம்’ கேட்டால்கூட, அரை நிமிஷம் யோசித்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே வைத்துத் தருவார்கள்.

பாட்டி என்றதும் அவர் சட்டம் ஞாபகம் வருகிறது. அதை ரத்து செய்ய நான் சொல்லவில்லை. அதன் நோக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வாங்கிய புண்ணியம் சேதமில்லாமல் வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதானே? கொதிக்கிற மனத்தில் வைத்து எடுத்துப்போனால் அது அரக்கோணம் தாண்டுவதற்குள் கரைந்து, வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். புண்ணியமும் ஐஸ்கிரீம் ஜாதிதான், சூடு ஆகாது. ஐஸ்கிரீமை அங்கேயே தின்றுவிட்டு, புண்ணியத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.