செகண்ட் ஹேண்ட் சுதந்திரம்

டெக்சாஸில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். அதற்கு 130-யூ என்று ஒரு படிவம். விற்றவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, வரி, கட்டணம், கவுண்டி அலுவலகத்தில் வரிசை. அரசாங்கம் என்றால் அப்படித்தான். உலோகத்தில் செய்த, நகரக்கூடிய, ஆளைக் கொல்லக்கூடிய ஒரு பொருள் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடாது.

அதே ஆள் அதே வண்டியின் சீட்டுக்கு அடியில் கிடக்கும் துப்பாக்கியையும் சேர்த்து விற்கிறார். அதற்கு எந்தப் படிவம்?

எதுவும் இல்லை. விற்பவர் உரிமம் வாங்கிய வியாபாரியாக இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று விற்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் அழகு. தெரிந்துகொள்ளாமல் இருப்பது எப்படி? கேட்காமல் இருந்தால் போதும்.

சரி, என்ன துப்பாக்கி? அமெரிக்கச் சந்தையில் கைமாறும் சரக்குகளில் ஒன்று, ராணுவ ரைபிளின் .22 நகல். வெளியே பார்த்தால் எம்-4. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சிப்பாய் தோளில் தொங்கியதே, அதேதான். அதே கைப்பிடி, அதே மடக்குக் கட்டை, பக்கவாட்டில் கோல்ட் கம்பெனியின் குதிரை. உள்ளே போடுவது மட்டும் சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டா. முயல் சுட, தகர டப்பா சுட வைத்திருந்த தோட்டா.

கையில் எடுத்துப் பார்த்தால் வலப்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். நிஜ எம்-4 இல் தோட்டா சரியாகப் போய் உட்காராவிட்டால் போல்ட்டை உள்ளே தள்ளிவிட அந்தக் குமிழ். வியட்நாம் காட்டில் துப்பாக்கி சிக்கிக்கொண்டு சிப்பாய்கள் செத்த காலத்துச் சங்கதி. இந்த நகலிலும் அந்தக் குமிழ் இருக்கிறது. அழுத்திப் பாருங்கள். உள்ளே ஒன்றும் நடக்காது. சும்மா ஒட்டிவைத்தது. ஆண்மைக்குத் திருஷ்டிப் பொட்டு.

போருக்கே போகாத ஆளுக்குப் போரின் வேஷம். அதுவும் புதிதாக வாங்கினால் விலை அதிகம், கேள்வியும் அதிகம். எனவே செகண்ட் ஹேண்ட். ‘சிங்கிள் ஓனர். நல்ல கண்டிஷன். அதிகம் ஓடவில்லை. ஒரிஜினல் பெட்டியுடன்.’ நம்மூர் ஸ்கூட்டர் விளம்பரத்தில் பெட்ரோலுக்குப் பதில் தோட்டாவைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

‘அட, சும்மா .22 தானே’ என்பார்கள். இந்த வாக்கியத்தை அமெரிக்காவில் அப்பாக்கள் சொல்வார்கள், கடைக்காரர்கள் சொல்வார்கள், வாஷிங்டனில் கோட்டு போட்டவர்கள் சொல்வார்கள். ராபர்ட் கென்னடியால் மட்டும் பதில் சொல்ல முடியாது. 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டல் சமையற்கட்டில் அவரைச் சாய்த்தது .22 ரிவால்வர். அதுவும் செகண்ட் ஹேண்ட். 1965 வாட்ஸ் கலவரத்தின் பயத்தில் ஒரு பெரியவர் வாங்கினார். மகளுக்குக் கொடுத்தார். மகள் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தார். பையன் 25 டாலருக்கு விற்றான். வாங்கிய கை, கொலைகாரனின் தம்பியின் கை. ஒரு தேசத்தின் அரசியல் திசை, நாலு வீட்டுத் திண்ணையில் கைமாறி முடிந்தது.

நாடு அழுதது. அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வியாபாரிக்கு உரிமம் என்றது. தபாலில் துப்பாக்கி அனுப்பக் கூடாது என்றது. மூத்த கென்னடியைக் கொன்றது தபாலில் வந்த ரைபிள். அந்தக் கதவை மூடினார்கள். தம்பியைக் கொன்றது கைமாற்றில் வந்த .22, அந்தக் கதவைத் திறந்தே வைத்தார்கள். காற்று வர வேண்டுமல்லவா?

1981 மார்ச் 30. வாஷிங்டன் ஓட்டல் வாசலில் அதிபர் ரீகன். மறுபடியும் .22 ரிவால்வர். ஆறு குண்டு, நான்கு பேர். ரீகன் பிழைத்தார். அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடிக்குத் தலையில் குண்டு. மீதி வாழ்க்கை சக்கர நாற்காலியில். அவர் 2014-இல் இறந்தபோது, அது 33 ஆண்டுக்கு முந்தைய குண்டு செய்த கொலை என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. சும்மா .22 தானே!

அவர் பெயரால் 1993-இல் பிராடி சட்டம். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். யார் சோதிக்க வேண்டும்? உரிமம் உள்ள வியாபாரி. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால்? அது அவர்கள் சொந்த விஷயம். சில மாநிலங்கள் தாமாக அந்த ஓட்டையை அடைத்தன. டெக்சாஸ் போன்றவை அதைச் சுதந்திரம் என்று அழைத்து வேலி போட்டுக் காக்கின்றன. பீர் வாங்க 21 வயது. சிகரெட் வாங்க 21 வயது. தனி ஆளிடம் ரைபிள் வாங்க? கூட்டாட்சிச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்ற ஒன்றே கிடையாது.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறது. ஆனால் அதற்குக் கண் மட்டும்தான் இருக்கிறது, மூளை இல்லை. 1994 முதல் 2004 வரை பத்தாண்டு, தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம் அமலில் இருந்தது. மேகசின் கழற்றி மாட்டும் ரைபிளில் ஐந்து அங்கங்களில் இரண்டு இருந்தால் குற்றம்: மடக்குக் கட்டை, பிஸ்டல் கைப்பிடி, பயனெட் மாட்டும் கொக்கி, நெருப்பை மறைக்கும் குழல், கிரனேட் வீசும் கருவி. கம்பெனிகள் என்ன செய்தன? கொக்கியை ராவி எடுத்தன. குழலை நீக்கின. மீதியை விற்றன. பயனெட் செருகிக்கொண்டு எந்தப் பள்ளிக்குள் எவன் ஓடினான் என்று யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கும் அதே கூத்துதான். மேலே சொன்ன .22 நகலை நியூயார்க்கில் வைத்திருந்தால் குற்றவாளி ஆகலாம். அங்கே ஒரே ஒரு ராணுவ அங்கம் போதும். அதையே கலிபோர்னியாவில் சாதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அங்கே சட்டம் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவைத்தான் பார்க்கிறது. .22 விளிம்பில் அடிபட்டு வெடிக்கும். தோட்டாவின் பின்பக்கத்தில் ஊசி எங்கே தட்டுகிறது என்பதில் இருக்கிறது குடிமகனின் யோக்கியதை.

ஜெர்மனி இன்னும் மேல். இந்த நகல்களில் பெயர்பெற்றவை பல அங்கேதான் தயாராகின்றன. ஆனால் ஜெர்மானியச் சட்டப்படி, போர் ஆயுதம் போல் தோற்றமளிக்கும் அரைத் தானியங்கி ரைபிளின் தோட்டாக் கூடு 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலுக்கு உதவாது. .22 கூடு அதில் பாதிகூட இல்லை. எனவே தள்ளுபடி. எம்-4 இன் சிவிலியன் சகோதரனான நிஜ ஏஆர்-15 தோட்டாவின் கூடு 45 மில்லிமீட்டர். குழல் 42 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் இந்த விதி அதை ஒன்றும் செய்யாது. வீரியமானதற்கு வழி, சோதாவுக்குத் தடை. தன் ஊர் மைதானத்தில் ஆகாததைப் பெட்டியில் கட்டி அட்லாண்டிக் தாண்டி அனுப்பினால் அதற்குப் பெயர் ஏற்றுமதி.

ஜெர்மன் கம்பெனி ஒன்று எம்பி-5 என்ற சப்மெஷின் கன்னின் .22 நகலை இறக்கியபோது, அசலைச் செய்யும் ஹெக்லர் அண்ட் கோக் கொதித்து எழுந்தது. அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. உயிருக்காக அல்ல. எங்கள் துப்பாக்கியின் அங்க அழகைத் திருடிவிட்டார்கள் என்று. சமரசம் ஆனது; வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுப் பெயரில் விற்றார்கள். அதே துப்பாக்கியில் குழலைச் சுற்றி ஒரு போலி சைலன்சர் வேறு. அலங்காரம்தான். 2010-இல் அமெரிக்க அதிகாரிகள் அதைக் கண்டு பதறினார்கள். இந்தப் போலியை நிஜமாக மாற்றிவிடலாமாம். திருப்பிக் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஜனங்கள் குழாயைக் கழற்றிக் கொடுத்தார்கள். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

பொம்மைத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் கடுமையான சட்டம் உண்டு, தெரியுமா? குழல் நுனியில் ஆரஞ்சு நிறம் போன்ற அடையாளம் இருந்தாக வேண்டும். நிஜத் துப்பாக்கிக்கு எந்த நிறமும் வேண்டாம். பொம்மையின் கண் பிய்ந்து குழந்தை விழுங்கிவிடுமா என்று சோதிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 1972-இல் அதை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியை அதன் கைக்கு எட்டாமல் விலக்கி வைத்தது. கரடிபொம்மைக்கு ஆணையம். ரைபிளுக்கு அரசியலமைப்பு.

2014 நவம்பரில் கிளீவ்லாந்து பூங்காவில் டாமிர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றான். ஆரஞ்சு நுனி இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள். யார் மீதும் குற்ற வழக்கு இல்லை. அந்தப் பிள்ளை செய்த குற்றம், அவன் கையில் இருந்த பொம்மை நிஜம் போல் இருந்தது. நிஜத்தைப் பொம்மை போல் விற்பவர்களை இரண்டு விநாடியில் யாரும் ஒன்றும் செய்வதில்லை.

விற்கிறார்களே! 2022-இல் ஜேஆர்-15 என்று ஒன்று வந்தது. குழந்தைக் கைக்கு அளவெடுத்துச் செய்த .22 ஏஆர். எடை ஒரு கிலோதான். அறிமுக விளம்பரத்தில் இரண்டு மண்டையோடுகள். பெண் மண்டையோட்டுக்கு இரட்டைச் சடை. இரண்டின் வாயிலும் ரப்பர் நிப்பிள். இதை ஒருவர் வரைந்தார். ஒருவர் பார்த்துச் சரி என்றார். இருவரும் அன்று இரவு சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு கென்டக்கியில், பரிசாக வந்த குட்டி .22 ரைபிளால் ஐந்து வயது அண்ணன் சுட்டு இரண்டு வயதுத் தங்கை செத்தாள். அந்த ரைபிளின் விளம்பரப் பெயர் ‘என் முதல் ரைபிள்’. 2020 முதல் அந்த நாட்டில் ஒன்று முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்து இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. காருக்குத்தான் படிவம் இருக்கிறதே.

நம் தெருவில் டல்லாஸ் பேரனோடும் நியூ ஜெர்சி பேத்தியோடும் வீடியோவில் பேசும் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! இன்னைக்கு ஸ்கூலில் என்னடா செல்லம் பண்ணினே என்று கேட்டுப் பாருங்கள். கதவைப் பூட்டினோம் தாத்தா, லைட்டை அணைச்சு மூலையில சத்தம் போடாம உட்கார்ந்தோம் என்று சொல்லும். ஏதோ புது விளையாட்டு என்று பாட்டி சிரிப்பாள். அது பாடத்திட்டம்.

அந்த செகண்ட் ஹேண்ட் துப்பாக்கியால் யாராவது செத்துப்போனால் என்ன ஆகும்? மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்று ஒரு ஊர். அங்கே கூட்டாட்சி அரசின் துப்பாக்கித் தடம் காணும் மையம். மூடிப்போன கடைகளின் பதிவேடுகள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து குவிகின்றன. கட்டடம் தாங்காமல் வெளியே ஷிப்பிங் கன்டெய்னர்களில் அடுக்கினார்கள். பெயரைத் தட்டித் தேடும் கணினி இல்லை. வசதியில்லாமல் அல்ல, அப்படி ஒன்றை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாட்டின் ஊழியர்கள், ஸ்கேன் செய்த காகிதங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புரட்டி, ஒருவழியாகப் பெயர் கிடைக்கும். கடையில் முதலில் வாங்கியவர் பெயர். போலீஸ் போன் செய்யும்.

வித்துட்டேனே, என்பார்.

யாருக்கு?

யாரோ ஒருத்தர். பார்க்க நல்லவராத்தான் இருந்தார்.

ரசீது?

எதுக்கு ரசீது? சட்டத்துல கேட்கலையே.

அவர் சொல்வது முழு உண்மை.