பெயர் மறைப்புச் சலுகை கோரி தேக்காவிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு பதிவாளர் அவர்கள், உச்ச நீதிமன்றம், சிங்கப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டம், 2016-ஐப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீதிமன்றத்தை இழிவுபடுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். ஆகவே இந்தக் கடிதத்தில் பாராட்டு மட்டுமே உண்டு.

2020-இல் வழக்கறிஞர் தொழிலுக்கான ‘பகுதி பி’ தேர்வு கோவிட் காரணமாக இணையம் வழி நடந்தது. மேற்பார்வைக்கு மனச்சாட்சியை உட்கார வைத்திருந்தார்கள் போலும். ஐந்து பேர் ஆறு தாள்களின் விடைகளை வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டார்கள். ஆறாமவர் இன்னொருவரோடு கூட்டு சேர்ந்து மூன்று தாள்களை எழுதினார். கேட்டதற்கு முதலில் மறுத்தார். தொழில் ஒழுக்கமும் அந்தப் படிப்பில் ஒரு பாடம் என்று நினைவூட்டுவது அநாகரிகம், விட்டுவிடுகிறேன்.

2022 ஏப்ரல் 18 அன்று நீதிபதி சூ ஹான் டெக் ஐவருக்கு ஆறு மாதமும் ஆறாமவருக்கு ஓராண்டும் வழக்கறிஞராகச் சேர்வதைத் தள்ளிவைத்தார். கூடவே பெயர்களையும் மறைக்கச் சொன்னார். இளம் வயது, காலமெல்லாம் முத்திரை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

கோப்பிக்கடையில் செய்தியைப் படித்த எங்களுக்குத்தான் வாய் அடைத்துப் போனது. இப்படி ஒரு வசதி இருப்பதே இத்தனை நாள் தெரியாதே! கடையில் ஷாம்பு எடுத்தவர், போதையில் போலீஸ்காரரை ஏசியவர் எல்லாருக்கும் பத்திரிகையில் பெயர், வயது. அதிர்ஷ்டம் இருந்தால் குடையால் முகத்தை மறைத்தபடி ஒரு படமும். எங்கள் தேக்காவில் நடந்த 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு 25 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். ஆம்புலன்சைக் கொளுத்தியதை யார் நியாயப்படுத்த முடியும்? நான் கேட்பது பெயரைப் பற்றி மட்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவை அச்சில் வந்துவிட்டன.

பார்த்தி லியானியை எடுத்துக்கொள்ளுங்கள். சாங்கி விமான நிலையக் குழுமத்தின் அப்போதைய தலைவர் வீட்டில் திருடியதாகச் சொல்லி, 2019-இல் அந்த இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு 26 மாதச் சிறை விதித்தார்கள். பெயரும் ஊரறிய வந்தது. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவருக்காக வாதாடிய அனில் பால்சந்தானி கட்டணம் வாங்கவில்லை. வழக்கறிஞர் என்ற சொல்லுக்கு இன்னமும் மரியாதை மிச்சமிருப்பது இத்தகையவர்களால்தான். ஆனால் குற்றமே செய்யாதவரின் பெயர் வெளியே, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களின் பெயர் உள்ளே என்ற கணக்கு எங்கள் மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளைக்கும் பிடிபடவில்லை.

எங்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. சிராங்கூன் சாலையில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாடியேறிப் போகும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. வழக்கறிஞர் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். 2006-இல் டேவிட் ரசிஃப் என்ற வழக்கறிஞர் கட்சிக்காரர்களின் ஒரு கோடி வெள்ளிக்கும் மேலான பணத்தோடு நாட்டை விட்டே ஓடினார். வீடு வாங்கும் பணத்தை வழக்கறிஞர்கள் தங்கள் சாதாரணக் கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்று 2011-இல் விதி வந்தது. பணத்துக்குக் காவல் போட்டாயிற்று. விரலுக்கு?

தேர்வு எழுதிய அந்த ஆறு பேர் விஷயத்தில் அப்புறம் ஊர் கூச்சலிட்டது. ஒன்பதே நாளில் பெயர்கள் வெளிவந்தன. பிடிபட்டவர்கள் மொத்தம் 11 பேர் என்றும் தெரிந்தது. பலர் மகிழ்ந்தார்கள், நான் மகிழவில்லை. ஆறு பேருக்குக் காட்டிய இரக்கத்தைப் பிடுங்கியதற்குப் பதிலாக, கோப்பை கழுவுகிறவருக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

ஆகவே அதே சலுகைக்கு எங்களுக்கும் ஒரு படிவம் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன், நான்கு மொழிகளிலும். ‘விண்ணப்பதாரருக்கு நல்ல எதிர்காலம் உண்டா?’ என்ற கேள்வி அதில் கட்டாயம் இருக்கும். கட்டுமானத் தொழிலாளி அதற்கு எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும்? அவர் பெயர் பத்திரிகையில் வந்தால், அவர் ஊர் போய்ச் சேருமுன்னே புதுக்கோட்டைக்குப் போய்விடும். அதுவும் வாட்ஸ்அப்பில்தான்.

இப்படிக்கு,
(பெயர் மறைக்கப்பட்டுள்ளது, ஒன்பது நாளைக்கு மட்டும்)