மஞ்சளாகப் பூக்கும் நீலச்செடி

கே: நியூஜெர்சி 'பைன் பேரன்ஸ்' மணற்காட்டில் மஞ்சள் பூச்செடி ஒன்றைக் காட்டி 'காட்டு அவுரி' என்றார்கள். அவுரி என்றால் நீலம்தானே?

ப: நம் ஊர் அவுரி மட்டும் நீலமாகவா பூக்கிறது? அதன் பூ இளஞ்சிவப்பு. சாயம் இலையில் இருக்கிறது ஐயா, பூவில் இல்லை. நீங்கள் பார்த்தது பாப்டீசியா டிங்டோரியா. அதுவும் அவரைக் குடும்பம்தான். மூன்று மூன்றாக, சாம்பல் பூத்த சிற்றிலைகள். ஒரு கிளையை ஒடித்துக் காயப்போடுங்கள், கரிபோலக் கறுத்துவிடும்.

கே: காட்டு அவுரிச் சாயத்தில் யாராவது பணம் பார்த்தார்களா?

ப: குடியேறிகள் வீட்டுத் துணிக்குச் சாயம் தோய்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீலம் மட்டம். 1740-களில் தென் கரோலினாவில் எலைசா லூகாஸ் என்ற இளம்பெண் பயிரிட்டுக் காட்டியது நிஜ அவுரியை. பணம் அதில்தான் கொட்டியது. பெயர் எலைசாவுக்கு, வயலில் வெந்தவர்கள் அடிமைகள்.

கே: குதிரைச் சேணத்தில் காட்டு அவுரியைச் செருகுவார்களாமே?

ப: ஈ விரட்ட. விரட்டியதா என்று குதிரையைத்தான் கேட்க வேண்டும்.

கே: பிடுங்கி வந்து தோட்டத்தில் நடலாமா?

ப: காட்டுத்தீயில் மேலே எல்லாம் எரிந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடி அது. அவ்வளவு ஆழமான ஆணிவேரை மண்வெட்டியால் அறுத்துவிட்டுப் பிழைக்கச் சொன்னால் எப்படி? விதை போடுங்கள்.

கே: இதை நம்பியே வாழும் வண்ணத்துப்பூச்சி உண்டாமே?

ப: இருந்தது. 'வைல்ட் இண்டிகோ டஸ்கிவிங்' என்று செடியின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் பழுப்புப் பூச்சி. முன்பு அதைக் காண்பதே அரிது. நெடுஞ்சாலைச் சரிவுகளில் மண் அரிக்காமலிருக்க ஐரோப்பாவின் 'கிரௌன் வெட்ச்' கொடியை நட்டார்கள். அதுவும் அவரை இனம். பூச்சி அதில் முட்டையிட்டுப் பார்த்தது, புழுவும் தின்றது. அப்புறம் என்ன, சாலை போன இடமெல்லாம் பூச்சியும் போனது! காட்டு அவுரியைத் தின்னும் இன்னொரு வண்ணத்துப்பூச்சியான 'ஃப்ராஸ்டட் எல்ஃபின்' அப்படி மாறத் தெரியாதது. காட்டு அவுரியும் லூபின் செடியும் விளையும் மணற்காடுகள் சுருங்கச் சுருங்க, பல மாநிலங்களில் அருகிவிட்டது. கெட்டிக்காரப் பூச்சியை ரசிக்கலாம். காட்டைக் காப்பாற்ற வேண்டியிருப்பது இந்த அப்பாவிக்காக.

கே: அவரைக் குடும்பம் என்கிறீர்கள். சுண்டல் செய்யலாமா?

ப: செய்யலாம், சாப்பிடக் கூடாது. நஞ்சு. தவிர, காயை உடைத்துப் பாருங்கள்: கடுகளவு கூன்வண்டு ஒன்று உங்களுக்கு முன்பே பந்தியில் உட்கார்ந்திருக்கும்.