வரைபடம் போட்ட நாவல்

ஓராண்டாக அறிவியல் புனைவும் மிகுபுனைவுமாகவே வாசித்ததில் ஒன்று தெளிவானது: முதல் பக்கத்தில் வரைபடம் போட்ட நாவல் லேசில் முடியாது. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எட்டு லட்சம் ஆண்டு தாண்டிப் போய்த் திரும்பிய கதையை 'தி டைம் மெஷின்' என்ற மெலிந்த நூலில் அடக்கினார். பாவம், பிழைக்கத் தெரியாதவர். 'வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கி 14 தொகுதி ஓடியது. 2007இல் அதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் இறந்தும் நிற்கவில்லை; பிராண்டன் சாண்டர்சன் வந்து 2013இல்தான் தேரை நிலைக்குக் கொண்டுவந்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் மிகுபுனைவுத் தொடரின் ஐந்தாம் தொகுதியைத் தந்தது 2011இல். ஆறாவது வருவதற்குள் தொலைக்காட்சிக்காரர்களே 2019இல் கதையை முடித்து, அதற்கு வசவும் வாங்கிக்கொண்டார்கள். நான் இன்னும் முதல் தொகுதியில்தான் இருக்கிறேன். அவருக்கே அவசரமில்லை, எனக்கென்ன!