கட்டைவிரலை மாற்ற முடியுமா?

கேள்வி: மியாமியில் சொகுசுக் கப்பல் ஏறி, பஹாமாஸ் பார்த்துவிட்டு அதே துறைமுகத்தில் இறங்கினாலும் முகம், விரல் என்று சோதிக்கிறார்களாமே, ஏன்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: பஹாமாஸ் தனி நாடு அம்மா! அங்கே போய்த் திரும்பினால் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு. விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் வெளிநாட்டவரின் ரேகையைப் பதிவு செய்வதை அமெரிக்கா 2004 ஜனவரியில் தொடங்கியது. முதலில் 2 விரல். பிறகு 10 விரலும். ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவதால், இப்போது கேமராவே முகத்தைப் பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிட்டுவிடுகிறது. வரிசை மளமளவென்று நகர்கிறது, நல்ல விஷயம்தான்.

வயல் வேலையிலும் பாத்திரம் தேய்த்தும் தேய்ந்துபோன விரல்களில் ரேகை சட்டென்று விழாது. பதற வேண்டாம், விரலை லேசாக ஈரமாக்கி மறுபடி வையுங்கள்.

எனக்குக் கவலை வேறு. அமெரிக்கக் குடிமக்களின் படத்தை 12 மணி நேரத்துக்குள் அழித்துவிடுகிறார்கள். வெளிநாட்டவர் படமோ 75 ஆண்டு வரை இருக்கலாம். சுற்றுலா நாலு நாள், ஞாபகம் முக்கால் நூற்றாண்டு! பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை எந்தக் கடையில் மாற்றுவது? ரேகையையும் முகப் படத்தையும் கேட்டு வாங்கும் அரசு எதுவானாலும், அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காக்கவேண்டும்; வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும்.