அணுவைப் பிளந்தாச்சு, முருங்கைக் கொப்பு மிச்சம்

ஏலே பேராண்டி, கரண்டு போனதும் நீ முதல்ல என்ன செய்யுதே? ஜன்னல் வழியா பக்கத்து வீட்டை எட்டிப் பாக்கே. அங்கயும் இருட்டுன்னா மனசுக்குள்ள ஒரு நிம்மதி. வெக்கப்படாதே, ஊரே அதத்தான் செய்யுது. பாதி வைத்தியமும் அதுலயே இருக்கு. பக்கத்து வீட்டுல எரியுது, உன் வீட்டுல எரியலையா? உன் மெயின்ல பீஸ் போயிருக்கும். ஒரு வீடு விட்டு ஒரு வீடு எரியுதா? ஒரு பேஸ் போச்சு. தெருவே இருட்டா? ட்ரான்ஸ்பார்மரைப் பாரு. ஊரே இருட்டுன்னா சப்ஸ்டேஷன்ல இருந்து வார லைன்ல கோளாறு. இதுக்குப் போய் எதுக்குலே ஒரு ஆப்?

ஆனா நீ போனைத்தான் எடுப்பே. வாட்ஸப் குரூப்புல "பவர் கட்டா?"னு போடுதே. நாப்பது பேரு "ஆமா"ங்கான். ஒருத்தன் முதலமைச்சரை இழுக்கான், இன்னொருத்தன் பிரதமரை இழுக்கான். மூணாவது ஆளு மெழுகுவத்திப் படம் போடுதான். லைன்மேனுக்கு ஒருத்தனாவது சொன்னானா? கேட்டா, "வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் தாத்தா."

நம்ம சீமையைப் பாருலே. 1944லயே பாபநாசத்துல தாமிரவருணித் தண்ணியில கரண்டு எடுத்தாச்சு. கயத்தாத்துலயும் முப்பந்தல்லயும் காத்தாடி நெட்டுக்க நிக்கி. கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு இருக்கு. அங்க அணுவைப் பிளக்கான். இங்க ஒரு முருங்கைக் கொப்பு கம்பியில உரசுனா தெருவே இருட்டு. கரண்டு உண்டாக்குறது பெரிய படிப்பு. கடைசி அரை மைல் கொண்டாந்து சேக்குறதுக்கு அருவாளும் ஏணியும் போதும். உலைக்குக் கல்வெட்டு வைக்கான், மாலை போடுதான். கொப்பு வெட்டுனவனுக்கு எவன்லே மாலை போட்டான்?

2021ல அமைச்சர் ஒருத்தர் ஒண்ணு சொன்னாரு. கம்பியில செடிகொடி உரசுற எடத்துல அணில் ஓடுது, அதாலயும் கரண்டு போகுதுன்னாரு. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நான் சிரிக்கலை. ஒத்தக் கம்பி மேல அணில் நாள் பூரா ஓடட்டும், ஒண்ணும் ஆவாது. கால் ஒரு கம்பியிலயும் வாலு பக்கத்துல இருக்க இரும்புலயும் பட்டுச்சு, கதை முடிஞ்சுது. அணிலும் போச்சு, லைனும் போச்சு. அமெரிக்காவுல நகராட்சிகளே கரண்டு விக்குற ஊர் நெறைய உண்டு. அவுக சங்கத்துல "அணில் குறியீடு"ன்னே ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்காக. வெள்ளைக்காரன் சொன்னா ஆராய்ச்சி, நம்மாளு சொன்னா சிரிப்பா? அமைச்சரைக் கேக்க வேண்டியது வேற கேள்வி. அணிலுக்கு ஏணி போட்டுக் குடுத்த கொப்பை மழைக்கு முந்தியே ஏன்யா வெட்டலை?

இன்னொரு கூத்து கேளு. சைடி, சைஃபின்னு ரெண்டு குறியீடு இருக்கு. ஏதோ பொண்ணு மாப்பிள்ளை பேருன்னு நெனச்சிராதே. ஒரு இணைப்புக்கு வருசத்துல சராசரியா எவ்வளவு நேரம் கரண்டு இல்லை, எத்தனை தடவை போச்சு, அதான் கணக்கு. நல்ல கணக்குதான். அந்தச் சராசரிதான் மோசக்காரன். மேலத்தெருவுல பத்து நிமிசம் போச்சு, கீழத்தெருவுல ராத்திரி பூரா போச்சு. பேப்பர்ல ரெண்டு தெருவும் ஒண்ணு. அதுவும் கணக்கைப் பெரும்பாலும் 11 கேவி ஃபீடர்ல எடுக்கான். உன் தெரு ட்ரான்ஸ்பார்மர்ல பீஸ் போனா ஃபீடர் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். நீ வேர்த்து ஒழுகிக்கிட்டு கெடக்கே, கணக்குல உன் வீட்டுல லைட்டு எரியுது.

ஆபீஸ்காரனை மட்டும் சொல்லுதேன்னு ரொம்பச் சந்தோசப்படாதே. சித்திரை மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ட்ரான்ஸ்பார்மர்ல டொப்புன்னு சத்தம் கேக்கே, அது ஆரு செஞ்ச வேலை? ஒன்றரை டன் ஏசி ஒண்ணு ஒன்றரை கிலோவாட் இழுக்கும். நூறு கேவிஏ ட்ரான்ஸ்பார்மர்ல அம்பது அறுவது ஏசி ஒண்ணா ஓடுனாலே அதுக்கு மூச்சு முட்டும். பெறகு உன் ஃபிரிட்ஜு எங்க போவும், மோட்டார் எங்க போவும்? ஏசி மாட்டுனியே, லோடு கூட்டி எழுதிக் குடுத்தியா? "அதுக்குப் பணம் கட்டணுமே தாத்தா." சரி, அப்ப ட்ரான்ஸ்பார்மருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பீஸ் அடிக்கடி போகுதுன்னா தெருவுக்கு ஒரு விஞ்ஞானி கெளம்பிருவான். "தடிச்ச கம்பியாப் போடுங்க அண்ணாச்சி"ம்பான். பீஸ் எரியுறதே பெரிய சாமான் எரியாம இருக்கத்தாம்லே! தடிச்ச கம்பி போட்டா பீஸ் பொழச்சுக்கிடும், ட்ரான்ஸ்பார்மர் போயிரும். வேற ஒண்ணு வார வரைக்கும் விசிறிமட்டை தேடணும்.

சரின்னு புது ட்ரான்ஸ்பார்மர் கொண்டாந்தா என்ன நடக்கு? ஒருத்தன், "என் வீட்டு முன்னால வேண்டாம், வாஸ்து சரியில்ல"ங்கான். அடுத்தவன், "வாசல்ல கார் நிறுத்தணும்"ங்கான். கொப்பு வெட்ட ஆள் வந்தா, "எங்க ஆச்சி வச்ச மரம்"னு மூணாவது ஆளு மறிச்சுக்கிட்டு நிக்கான். எல்லாவனுக்கும் கரண்டு வேணும். கம்பம் மட்டும் அடுத்தவன் வாசல்ல நிக்கணும்.

1957ல மின்வாரியம் வாரதுக்கு முந்தி சில ஊர்ல நகராட்சியே கரண்டு வித்துச்சு. மலையாளத்துல திருச்சூர் மாநகராட்சி இன்னைக்கும் விக்கு. நகராட்சி வித்த காலத்துல லைட்டு எரியலைன்னா கவுன்சிலரை டீக்கடையில வச்சே பிடிச்சிரலாம். இப்ப ஆரைப் பிடிக்கது? அதான் உன்னைப் பிடிக்கேன்.

ஐப்பசி அடைமழைக்கு முந்தி, பகல் வெளிச்சத்துல உன் தெரு லைன் கூடவே ஒரு நடை நடந்து பாரு. எந்தக் கம்பத்துல கொப்பு தொடுது, எங்க கம்பி தொங்குதுன்னு பாத்து, கம்பத்துல பெயிண்ட்ல எழுதியிருக்க நம்பரோட எழுது. பிரிவு ஆபீஸ்ல குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கு. நீயே அருவாளைத் தூக்கிக்கிட்டு ஏறிராதே. லைனை நிறுத்தாம வெட்டுனா கொப்பு விழுறதுக்கு முந்தி நீ விழுவே. முதல்ல அந்த முருங்கையை எழுது. அது உங்க அத்தான் வீட்டு மரம்தான். சண்டைக்கு வந்தாம்னா என் பேரைச் சொல்லு.